நெட்டை சொன்ன சாட்சி

சபை வாலிபர் மாநாட்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரிக் கூட்டம் கரைந்து, மருந்துக் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நெட்டையின் அம்மா வந்தார். வந்தவர் நேராக மேசைக்கு வரவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்து, இது இருக்கிறதா என்று கேட்டார்.

கடையில் இருந்த மருந்தாளுநருக்கு முப்பத்தொரு வயது. படிப்பு முடிந்ததிலிருந்து ஒன்பது வருடமாக அதே கடை, அதே உயரமான முக்காலி. சபையின் வாலிபர் இயக்கத்தில் அவளை எல்லோரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அட்டையின் பின்பக்க எழுத்தைப் படிக்கும் தேவையே அவளுக்கு இருக்கவில்லை. நான்கு வருடம் மாதாமாதம் நெட்டைக்குத் தன் கையால் எடுத்துக் கொடுத்த வலிப்பு மாத்திரை அது. ஆனால் அவன் அதை வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகப் போகிறது. யாருக்கு என்று கேட்டாள். வீட்டுக்குத்தான் என்றார் அம்மா. மருத்துவர் எழுதிய சீட்டு மட்டும் ஒழுங்காக, அவன் பெயரிலேயே இருந்தது. இத்தனை நாளும் வாங்கிய கடையில் சரக்கு வரவில்லையாம்.

இங்கேயும் அந்தக் கம்பெனி மாத்திரை பன்னிரண்டுதான் மிச்சம் இருந்தது. வேறு கம்பெனியுடையது இருந்தது. அது மெதுவாகக் கரைகிற வகை, மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துக் காட்டினாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"இதைப் பொடி பண்ணலாமாம்மா?"

"கூடாதும்மா. முழுசாத்தான் முழுங்கணும். பொடி பண்ணா மருந்து மொத்தமும் ஒரே நேரத்துல உடம்புல இறங்கிடும்." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. "எதுக்குப் பொடி பண்ணணும்? அவன்தான் நல்லா முழுங்குவானே."

அம்மா அந்தப் புது அட்டையை மெதுவாகத் தள்ளி வைத்தார். அவர் முகத்தைப் பார்த்த மருந்தாளுநர் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டாள்.

இயக்கம் பெரிதொன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு சபைகளின் இளைஞர்கள் சேர்ந்தது. வருடத்தில் ஒருமுறை, பள்ளி விடுமுறையில், ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் மாநாடு போடுவார்கள். நானூறு பேர் வருவார்கள். வகுப்பறைகளில் பாய் விரித்துத் தூங்கி, வரிசையில் நின்று குளித்து, தொண்டை கட்டும்வரை பாடிவிட்டுப் போவார்கள். இரண்டாம் நாள் காலையில் சாட்சி நேரம். தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததை மேடையில் நின்று சொல்லலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். அந்த நேரத்துக்குப் பொறுப்பு மருந்தக்கா. ஐந்து நிமிடம் ஆனால் மேசைமணியை அடிப்பதும் அவள்தான். மணி அடிப்பதில் தயவு தாட்சண்யம் பார்க்காதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். ஒருமுறை ஒரு போதகருக்கே அடித்திருக்கிறாள்.

நெட்டைக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. எந்த வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும், அதனால் அந்தப் பெயர். அவன் அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து இறந்தவர். வண்டி ஓட்ட வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. வலிப்பு இருக்கிறவனுக்கு யார் உரிமம் கொடுப்பார்கள்? போன வருடத்துக்கு முந்தின வருட மாநாட்டில் அவனுக்காக எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள். வீட்டுக்குப் போனதும் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினான். ஒரு வருடம் ஒரு வலிப்புகூட வரவில்லை.

அதைத்தான் போன வருடம் மேடையில் நின்று சொன்னான். திக்கித் திணறிச் சொன்னான். ஜோடனை எதுவும் இல்லை. குப்பைக் கூடையின் நிறத்தைக்கூடச் சொன்னான். ஐந்து நிமிடம் தாண்டிற்று, பத்து தாண்டிற்று. மண்டபம் எழுந்து நின்று அழுதது. மணி அவள் கையில் இருந்தது. அவள் அடிக்கவில்லை.

வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த நானூறு பேரில் மற்ற எவரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். மருத்துவர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒன்பது வருடமாக அவளிடம் மருந்து வாங்கிய ஒருவரும் திரும்பி வந்து, இனி வேண்டாம், குணமாகிவிட்டது என்று சொன்னதில்லை. இவன் ஒருவன்தான் சொன்னான். அவளும் எழுந்து நின்று அழுதவள்தான்.

இப்போது அவன் அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, தாழ்ந்த குரலில், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவன் மாத்திரையைக் கொட்டிய அன்றே அவர் வேறு தெருவில் வேறு கடையில் போய் வாங்கிவிட்டார். காலையில் ஒன்று, இரவு ஒன்று. குழவியால் நசுக்கி, சர்க்கரை தூக்கலாகப் போட்டு, காபியில் கலந்து கொடுத்தார். இரண்டு வருடம் ஒரு வேளை தவறவில்லை. மருத்துவரிடம், மகனுக்கு வேலை, வர முடியவில்லை என்று சொல்லிச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டார். மகனுக்கு எதுவும் தெரியாது. சாட்சி சொன்ன பிறகு அவன் உரிமம் வாங்கினான். பத்து மாதமாகப் பேக்கரியின் ரொட்டி வேன் ஓட்டுகிறான். மாநாட்டுக்குப் பதினான்கு பேரைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போவதாக வேறு ஒத்துக்கொண்டிருக்கிறான்.

"அவன்கிட்ட சொல்லியே ஆகணும்மா," என்றாள் மருந்தாளுநர். "வண்டி ஓட்டறான்."

"மாத்திரைதான் உள்ள போகுதே. அப்புறம் என்ன?"

"நீங்க ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டா?"

"அதுக்குத்தான் நான் படுக்கறதே இல்லை," என்றார் அம்மா.

பெருமையாகச் சொல்லவில்லை, வேலை நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, சாட்சி சொன்ன அன்றைக்குத்தான் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்ததாகச் சொன்னார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். மருந்தாளுநர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு மாத்திரையையும் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தாள். கொடுக்காவிட்டால் நாளைக்கே அவன் வண்டி ஓட்டும்போது என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கொடுத்தால் அவளும் அந்தக் காபியில் கூட்டு. எப்படிப் பார்த்தாலும் வழியில்லை. ஆறு நாளைக்கு வரும் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை இயக்கத்தின் செயலாளரைப் பார்க்கப் போனாள். அவர் கணக்கு வாத்தியார். வாலிப வயதின் எல்லையைத் தாண்டிப் பல வருடம் ஆகியும் அவர் பதவியை விட்டால் நாற்காலி ஏற்பாடு செய்யக்கூட இயக்கத்தில் ஆள் கிடையாது என்பதால் யாரும் அவரை வயது கேட்பதில்லை. நல்ல மனிதர். வகுப்பு முடிந்து காலியாக இருந்த வகுப்பறையில், விரலில் சுண்ணாம்புத் தூளோடு உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

வேனுக்கு வேறு ஓட்டுநரைத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சாட்சி இருக்கட்டும் என்றார். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. ஒரு வருடத்துக்குப் பிறகு அதே சகோதரன் மறுபடியும் பேசுகிறார் என்று எல்லாச் சபைக்கும் சொல்லியாகிவிட்டது.

"போன வருஷம் அவன் பேசின பிறகு எத்தனை பேர் முன்னால வந்து முழங்கால் போட்டாங்கன்னு உனக்கே தெரியும். அதெல்லாம் பொய்யாம்மா?"

"அவங்க வந்தது பொய்யில்லை அண்ணா. அவங்க காதுல விழுந்ததுதான் தப்பு."

கர்த்தர் மாத்திரை மூலமாகவும் கிரியை செய்யலாம், அந்தத் தாயின் கை மூலமாகவும் செய்யலாம் என்றார் அவர். அதில் அவளுக்கு மறுப்பு இல்லை. அப்படியானால் அதையே மேடையில் சொல்லலாமே என்று கேட்டாள். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாநாடு மூன்றே நாள், அது முடிந்ததும் தானே போய் நெட்டையிடம் பக்குவமாகப் பேசுகிறேன் என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். உண்மையைச் சொன்னால், வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. பாரத்தை இன்னொருவர் தோளில் இறக்கிவிட்ட நிம்மதி.

அந்த நிம்மதி மூன்று நாள் தாங்கியது.

மாநாட்டுக்கு வருகிறவர்கள் ஜெப விண்ணப்பங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவது வழக்கம். சீட்டில் பெயர் எழுத வேண்டாம் என்பது மருந்தக்காவே கொண்டுவந்த விதி. பெயர் இல்லாவிட்டால் மனம் திறந்து எழுதுவார்கள் என்று நினைத்தாள். சபையின் பின்னறையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை, வேலை, கல்யாணம், குடிக்கிற அப்பா என்று வழக்கமானவைதான். அவற்றின் நடுவில் பென்சிலால், எழுத்துக்கு எழுத்து பிரித்து எழுதிய ஒன்று இருந்தது:

'போன வருடம் சாட்சி சொன்ன சகோதரனைப் போல நானும் விசுவாசத்தோடு மாத்திரையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. அடிக்கடி மயக்கம் வருகிறது. நான் தளர்ந்துபோகாமல் இருக்க ஜெபிக்கவும்.'

என்ன மாத்திரை என்று எழுதவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. பெயர் எழுதிய பதிவுப் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தாள். நானூற்றுச் சொச்சம் படிவம். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை கடைக்கு ஒரு மணி நேரம் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேக்கரிக்குப் போனாள்.

காலையில் கடைகளுக்கு ரொட்டி இறக்கி முடித்துவிட்டு நெட்டை பேக்கரியின் பின்முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். காலித் தட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவளைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, மாநாட்டுக்கு எத்தனை ரொட்டி என்று சொல்லவா வந்தீர்கள் என்று கேட்டான். அவள் சுற்றி வளைக்கவில்லை. நின்றபடியே, மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அவன் முதலில் சிரித்தான். அவன் அம்மாவின் காபி நண்பர்களிடையே பேர்போனது. அதைக் குடித்தால் செத்தவனும் எழுந்து வாய் கொப்பளிப்பான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். வயதாகிறது, அம்மாவுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று நினைத்து, கசந்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்துவந்தான். அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. கவிழ்த்திருந்த ஒரு தட்டின்மேல் உட்கார்ந்தான்.

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்."

"அப்போ எனக்கு ஒண்ணுமே நடக்கலை."

அவள் சமாதானம் சொல்லப் பார்த்தாள். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். பென்சில் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை அவன் நிதானமாகப் படித்தான், மடித்தான், திருப்பிக் கொடுத்தான். பிறகு எழுந்து மேற்பார்வையாளரின் அறைக்குப் போய், தலை சுற்றுகிறது, இனி ஓட்ட முடியாது என்று சொல்லி வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். அவள் கேட்காமலே அதைச் செய்தான். ஆனால் மருத்துவரைப் பார்ப்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"தெரியாம முழுங்கினது முழுங்கினதுதான். இனிமே தெரிஞ்சே நிறுத்தறேன். மாநாடு முடியற வரைக்கும் ஒண்ணும் தொட மாட்டேன். அப்போ தெரிஞ்சிடும்ல."

"உன் உடம்பை வச்சு ஆண்டவருக்குப் பரீட்சை வைக்கறியா?"

"நான் வைக்கலை அக்கா. எங்கம்மா ரெண்டு வருஷமா எனக்கு பதிலா எழுதிட்டிருந்தாங்க. அதைத்தான் நிறுத்தறேன்."

என்ன சொல்லியும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கும் போகவில்லை. பேக்கரிக்காரர்கள் தங்கும் அறையிலேயே படுத்துக்கொண்டான். மருந்தாளுநர் செயலாளருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னாள். அவர், மாநாடு முடியட்டும் என்றல்லவா சொன்னேன் என்று கேட்டார். பிறகு அன்று மாலையே பேக்கரிக்குப் போய் அவனிடம் மன்றாடிப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினார். நிகழ்ச்சி நிரலில் அவன் பெயர் இருந்த இடத்தில் ஒரு பாட்டின் எண்ணை ஒட்டச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவன் அம்மா கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். கடையில் இரண்டு பேர் மருந்து வாங்கிப் போகும்வரை காத்திருந்தார்.

"நீ அவன் உசுரைக் காப்பாத்தணும்னு நினைச்சு சொன்னே. நானும் அதையே நினைச்சுதான் சொல்லாம இருந்தேன். இப்போ அவன் உள்ள மருந்தும் இல்லை, பக்கத்துல நானும் இல்லை." இதைச் சொல்லத்தான் வந்தார்போலிருந்தது. சொன்னதும் எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க மருந்தாளுநர் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்துத்தான் மருந்து எடுத்தாள். கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஏதோ அறுந்துபோனதுபோல இருந்தது.

மாநாடு தொடங்கியது. முதல் நாள் நெட்டை வரவில்லை. வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று அவள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொள்வது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பேருந்து பிடித்து வந்துவிட்டான். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு வந்தவன், கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில், நீளக் கால்களை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனைத் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அவனைப் பார்க்கவென்றே தூரத்துச் சபைகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவன் கண்களுக்குக் கீழே கருப்படித்திருந்தது. தூங்கியே பல நாள் ஆனதுபோல் இருந்தான்.

மேடையின் ஓரத்திலிருந்து அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சாட்சி சொல்லி முடித்தார்கள். மூன்றாவதாக அவன் பெயருக்குப் பதில் ஒட்டிய பாட்டு. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நெட்டையும் எழுந்தான். பாட்டின் இரண்டாவது அடியில் அவனுடைய தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. நாற்காலி சரிந்த சத்தம் பாட்டில் அமுங்கிப்போனது.

மேடையிலிருந்து ஓடிய அவள் கடைசி வரிசையை அடைவதற்குள் அவனைச் சுற்றி ஒரு வட்டம் கூடிவிட்டது. பரிசுத்த ஆவி இறங்கியிருக்கிறது என்று நினைத்துச் சிலர் கைகளை உயர்த்தி இன்னும் சத்தமாகப் பாடினார்கள். ஒருவர் குனிந்து, வெட்டி இழுத்துக்கொண்டிருந்த அவன் தலைமேல் கை வைத்து, வெளியே போ, வெளியே போ என்று உரக்க அதட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் எங்கிருந்தோ கரண்டி கொண்டுவந்து அவன் பற்களுக்கு நடுவில் வைக்கப் பார்த்தார். அவள் கரண்டியைத் தட்டிவிட்டாள்.

"கையை எடுங்க. இது நோய். தள்ளி நில்லுங்க."

நாற்காலிகளை நகர்த்தச் சொன்னாள். தன் துப்பட்டாவைச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தாள். உதறல் சற்றுத் தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் அவள் கை முழுக்க வழிந்தது. நான்கு நிமிடம் ஆகப்போகும்போது உடம்பு அடங்கியது. நிமிர்ந்தபோது அவன் அம்மா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் வெளியே வாசல் மரத்தடியில்தான் நின்றிருக்கிறார். மகன் பார்த்துவிட்டால் எழுந்து போய்விடுவான் என்று உள்ளே வரவில்லை. அவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் அவன் வாயோர நுரையை முந்தானையால் துடைத்தார்.

அவனை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அம்மாவும் ஏறிக்கொண்டார். மண்டபம் சலசலத்தது. செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நம்முடைய சகோதரன் உபவாசத்தினால் சற்றுச் சோர்ந்துபோனார், அவருக்காக ஜெபிப்போம் என்றார். நானூறு தலைகள் குனிந்தன.

மருந்தாளுநர் நடுவழியில் நடந்து மேடை ஏறினாள். அவர் கண் மூடியிருந்ததால் அவள் பக்கத்தில் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. ஆமென் என்றதும், நான் பேசணும் அண்ணா என்றாள். அவள் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார்.

"அவர் சோர்ந்து விழலை. அது வலிப்பு," என்றாள். "போன வருஷம் இதே இடத்துல அவர் சாட்சி சொன்னார். அவர் பொய் சொல்லலை. ஆனா அவருக்கே தெரியாம அவருக்கு மாத்திரை போயிட்டுதான் இருந்துச்சு, அவர் வீட்டுல கலந்து கொடுத்துட்டிருந்தாங்க. அது எனக்குப் பத்து நாள் முன்னாடிதான் தெரியும். ஆனா மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாதுங்கறது எனக்குப் போன வருஷமே தெரியும். என் தொழிலே அதுதான். நான் அன்னைக்கு எழுந்து சொல்லலை."

கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தாள்.

"இதை எழுதினது யார்னு நான் கேக்கலை. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. இந்த மண்டபத்தை விட்டுப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்தா நானே கூட்டிட்டுப் போறேன். விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னு யாராவது சொன்னா, என் பேரைச் சொல்லுங்க."

படி இறங்கும்போதுதான் அவளுக்குத் தோன்றியது, அந்த அம்மா இரண்டு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காத்த ரகசியத்தை நானூறு பேர் முன்னால் உடைத்துவிட்டோம் என்று. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க நேரமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மனது ஆறவில்லை.

பாடகர் குழு ஒரு பாட்டைத் தொடங்கிப் பார்த்தது. கூடச் சேர்ந்து பாட ஆளில்லாமல் அது நின்றுபோனது. செயலாளர் தேநீர் இடைவேளையை முன்கூட்டியே விட்டார்.

கை கழுவும் குழாயடியில் அவள் நின்றாள். மூன்று பேர் வந்தார்கள். தைராய்டு மாத்திரையை விட்ட ஒரு கல்லூரிப் பெண். ரத்த அழுத்த மாத்திரையை விட்ட ஒரு தச்சர். பிள்ளையின் மூச்சிரைப்பு மருந்தை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு தாய். மூன்று பேரையும் எழுதிவைத்துக்கொண்டாள், மூன்று பேரையும் அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் சேர்த்தாள். ஆனால் பென்சில் சீட்டைக் காட்டியபோது மூன்று பேருமே அது தங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் கடைசி வேன் புறப்படும்வரை நின்றாள். வேறு யாரும் வரவில்லை. அதை எழுதியவர் யார், என்ன ஆனார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். இயக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இத்தனை வருட ஊழியத்துக்கு நன்றி, சிறிது காலம் ஓய்வெடுத்துக்கொள்ளவும் என்று அதில் இருந்தது. சபையில் சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் வேறு கடையில் மருந்து வாங்கத் தொடங்கினார்கள். செயலாளர் ஒரு நாள் கடைக்கு வந்து, இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் நின்று, மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துவிட்டேன் என்றார். அவள் அவரைக் குற்றம் சொல்லவில்லை. மூன்று நாள் அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அடுத்த மாநாட்டில் சாட்சி நேரமே கிடையாது என்று முடிவாகிவிட்டது என்றும் சொன்னார். அவள் கேட்டது அது இல்லை.

நெட்டை மறுபடியும் மாத்திரை எடுக்கத் தொடங்கினான். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தான். அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள் என்பதால் பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடுகிற பிரிவில் வேலை. இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனான். அம்மாவோடு தேவைக்கு மட்டும் பேசுகிறான் என்று கேள்விப்பட்டாள். அம்மா அந்தக் கடைப் பக்கமே வருவதில்லை. ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்தபோது, அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்துபோனார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் நெட்டை கடைக்கு வந்தான். அவனே சீட்டை நீட்டினான், அவள் எடுத்துக் கொடுத்தாள். உறையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான். புருவத்தின் தழும்பு வெளுத்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும் அக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி மாநாட்டுல எனக்காக ஜெபிச்சாங்கல்ல, அன்னைக்கு உடம்பெல்லாம் லேசாச்சு. யாரோ என்னைத் தூக்கி நிறுத்தின மாதிரி இருந்துச்சு. அது பொய்யில்லை. அன்னைக்கு அம்மா பக்கத்துலயே இல்லை. அதை நான் என்ன பண்றது?"

அவள் யோசித்தாள். வாய்க்கு வந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் போன வருடமே செலவழிந்துபோனவையாக இருந்தன.

"எனக்குத் தெரியலைடா," என்றாள்.

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னான். அவளும் இப்போதெல்லாம் அப்படித்தான் என்றாள். வெளியே மழை வலுத்ததால் அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்று அவள் வழக்கம்போல நினைவுபடுத்தினாள். அவன் சரி என்றான். மழை விட அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.